கருஞ்சீரக எண்ணெயின் பரிசோதனைத் தாளை வாசிப்பது எப்படி?

கருஞ்சீரக எண்ணெய் இல்லாத மருந்துச் சரக்குக் கடை நமது ஊர்களில் அநேகமாக இல்லை. நபிமொழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்ட வித்து என்பதால் வாங்குபவர் போத்தலைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பு விற்பவன்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் 20 லீற்றர் கேன்கள் இரண்டு கொள்வனவு செய்தேன். விலை சகாயம். பரிசோதனைத் தாளும் தந்தார். லினோலெயிக் அமிலம் 54 வீதம், ஒலெயிக் 23, பாமிற்றிக் 11, ஸ்டியரிக் 4 என்றிருந்தது. கருஞ்சீரக எண்ணெயில் லினோலெயிக் 50 முதல் 60 வரை, ஒலெயிக் 20 முதல் 25 வரை, பாமிற்றிக் 12 அளவில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குச் சரியாக இருக்கிறதே என்று போத்தல்களில் நிரப்பி விற்றேன். ஒரு மாதத்துக்குள், நீண்ட நாள் வாடிக்கையாளரான ஒரு முதியவர் போத்தலோடு வந்தார். “ஹாஜியார், இது தொண்டையைப் பிடிக்கவே இல்லையே” என்றார்.

எனக்கும் சந்தேகம் வந்து மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அது பெரும்பாலும் சோயா எண்ணெய். முதல் தாளில் பொய் ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை, வேண்டிய வரிகள்தான் விடுபட்டிருந்தன. சோயாவிலும் லினோலெயிக், ஒலெயிக், பாமிற்றிக் எல்லாம் ஏறக்குறைய இதே அளவுதான். அதைக் காட்டிக்கொடுப்பது லினோலெனிக் அமிலம். (பெயரில் சிறு வித்தியாசம்தான், கவனமாக வாசியுங்கள்.) சோயாவில் அது 4.5 முதல் 11 வீதம் வரை இருக்கும். கருஞ்சீரகத்தில் வழமையாக 1 வீதத்தையும் எட்டாது.

சூரியகாந்தி எண்ணெய் கலந்தால் லினோலெனிக் காட்டிக்கொடுக்காது. அப்போது எய்க்கோசாடையினோயிக் அமிலத்தைப் பார்க்க வேண்டும். கருஞ்சீரகத்தில் இது 2, 3 வீதம் உண்டு. சோயாவிலும் சூரியகாந்தியிலும் கிட்டத்தட்ட இல்லை. கலப்படம் கூடக்கூட இந்த இலக்கம் இறங்கும், சூரியகாந்தியானால் பாமிற்றிக்கும் சேர்ந்து இறங்கும். ஆகவே கொழுப்பமிலங்கள் அனைத்தும் கொண்ட முழுப் பட்டியலைக் கேளுங்கள், நான்கு வரிகளோடு திருப்தியடைய வேண்டாம்.

தொண்டையைப் பிடிக்கும் காரம் வேறு கதை. அது விதையிலுள்ள ஆவியாகும் எண்ணெயிலிருந்து வருவது, அதில் முக்கியமானது தைமோகுயினோன். சந்தை எண்ணெய்களில் இது 0.1 வீதத்துக்குக் கீழிருந்து 2 வீதத்துக்கு மேல் வரை மாறுபடும். வெளிச்சமும் சூடும் பட்டால் குறைந்துவிடும். எனவே கபில நிறப் போத்தலில் அடைத்து, வெயில் படாத தட்டில் வையுங்கள். ஆனால் தைமோகுயினோன் இலக்கம் ஒன்றை மட்டும் நம்புவதும் ஆபத்து. மலிவான எண்ணெயில் அதைத் தனியாகச் சேர்த்தும் விற்க முடியும். இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமிலப் பெறுமானம் பற்றி ஒரு வார்த்தை. பொதுவாகக் குளிர்முறையில் பிழிந்த எண்ணெய்களுக்கு 4 என்ற எல்லை சொல்லப்படுகிறது. கருஞ்சீரக விதையிலேயே கொழுப்பைப் பிரிக்கும் நொதியம் இருப்பதால், நல்ல எண்ணெயும் அதைத் தாண்டிப் போவதுண்டு. அதைக் கண்டு சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மாறாக, குளிர்முறை எண்ணெய் என்று சொல்லி இந்த இலக்கம் மிகக் குறைவாகக் காட்டினால், சுத்திகரித்த எண்ணெய் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன் விலைக் கணக்கு ஒன்று உண்டு. விதையில் எண்ணெய் 30 முதல் 40 வீதம்தான், பிழிந்தால் முழுவதும் வராது. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்றரை, நான்கு கிலோ விதை போகும். விதை விலையை நான்கால் பெருக்கிப் பார்த்திருந்தால் நான் அந்தக் கேன்களைத் தொட்டிருக்க மாட்டேன்.

சிறிய வியாபாரிக்குப் பரிசோதனைச் செலவு பாரம்தான். மூன்று நான்கு பேர் ஒரே தொகுதிச் சரக்கைப் பங்கிட்டு வாங்கினால் செலவும் பங்காகும். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் எந்தெந்தச் சோதனை செய்வார்கள், எவ்வளவு மாதிரி வேண்டும் என்று முதலில் விசாரியுங்கள். மாதிரியை உங்கள் கையாலேயே கேனிலிருந்து எடுங்கள், விற்பவர் தரும் சிறு போத்தலை அனுப்ப வேண்டாம். தாளில் உள்ள தொகுதி இலக்கமும் கேனில் உள்ளதும் ஒன்றா என்றும் பாருங்கள். என்னுடைய கேன்களில் தொகுதி இலக்கமே இருக்கவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை.