வீட்டிலேயே ஒரு மரப்பெட்டி

1980களின் தொடக்கத்தில் திருக்கேதீஸ்வரத்தை அடுத்த பழைய மாதோட்டத் துறைமுகத்தில் அகழாய்வு நடைபெற்றது. சீனப் பீங்கான், மேற்காசிய மட்பாண்டம், கண்ணாடிப் பாத்திரம் ஆகியவற்றின் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. இவை ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்தாலும் நிலைக்கும். மரம் அப்படியன்று, ஈரமும் கறையானும் அதை அழித்துவிடும்.

ஆயினும் பெறுமதியானவற்றை நம் முன்னோர் மரப்பெட்டகத்திலேயே வைத்தனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு எல்லாம் அதற்குள் இருந்தன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். நீண்ட காலத்தின் பின் ஊர் திரும்பியபோது, ஓர் உறுதிக் கடதாசியின் பெறுமதி என்னவென்பதை மன்னார்க் குடும்பங்கள் நன்கு உணர்ந்தன. அத்தகைய ஆவணங்களை வைப்பதற்கு ஒரு பெட்டியை நாமே செய்யலாம்.

முதலில் மரத்தின் இயல்பை அறிய வேண்டும். அறுத்துக் காய்ந்த பின்னும் பலகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; வெளிவிடும். மாரி மழையில் அது விரியும். சோளகக் காற்றில் சுருங்கும். இந்த மாற்றம் நீளவாட்டில் மிகக் குறைவு, அகலவாட்டில்தான் அதிகம். ஆகவே பலகையை அசையவிடாமல் இறுக்கினால் அது வெடிக்கும் அல்லது வளையும்.

தேக்கு, வேம்பு இரண்டும் இதற்கு ஏற்றவை. மன்னாரின் பெயர்பெற்ற பெருக்கமரம் பார்வைக்குப் பெரிதாயினும் அதன் மரம் பஞ்சு போன்றது, பலகைக்கு உதவாது.

பெட்டியின் உள்ளளவு 36 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கட்டும். புல்ஸ்காப் தாள் மடிக்காமல் உள்ளே அமரும். பலகையின் தடிப்பு ஒன்றரை செ.மீ. போதும். பலகைகளை அளவாக அறுத்துத் தருமாறு தச்சரிடம் கேளுங்கள். நான்கு பக்கங்களையும் மரப்பசையாலும் பித்தளைத் திருகாணியாலும் பொருத்துங்கள். கடற்காற்றில் இரும்பு ஆணி விரைவில் துருப்பிடித்து மரத்தையும் கறைப்படுத்தும். அடிக்கு ஒட்டுப்பலகை நல்லது. அதன் படைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது பெரிதும் விரிவதில்லை.

மூடியில்தான் கவனம் தேவை. மூடிப் பலகையின் உட்புறத்தில் இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பொருத்துங்கள். அவை பெட்டிக்குள் தளர்வாக இறங்கும்படி 23 செ.மீ. நீளம் இருக்கட்டும். சட்டத்துக்குப் பசை பூச வேண்டாம். அதன் நடுவில் ஒரு திருகாணியை இறுக்குங்கள். இரு முனைகளிலும் துளையைச் சற்று அகலமாக்கி, திருகாணியை மெதுவாக முடுக்குங்கள். பலகை விரியவும் சுருங்கவும் இடம் கிடைக்கும்; வளையவும் மாட்டாது.

இனி அலங்காரம். மூடியின் நடுவில் கவராயத்தால் ஒரு வட்டம் வரைந்து, அதன் சுற்றளவை எட்டுச் சம பாகமாக்குங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளை இணைத்தால் இரு சதுரங்கள் சேர்ந்து எட்டு முனை நட்சத்திரம் உருவாகும். அதற்கு நிறம் தீட்டலாம். சிறு சிப்பிகளை ஒட்டலாம். சிப்பிகளை நன்னீரில் ஊறவைத்துக் காயவிடுங்கள். உப்பு எஞ்சினால் ஈரத்தை இழுக்கும். பெரிய தகடு எதையும் மூடி முழுவதற்கும் ஒட்டாதீர்கள். பலகை அசையும்போது அது பிளந்துவிடும்.

இந்த நுட்பம் முஸ்லிம் உலகின் தச்சர்களுக்கு நன்கு தெரிந்திருந்தது. 1137இல் ஸ்பெயினின் குர்துபாவில் தொடங்கப்பட்டு மராகேஷ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட மிம்பரை அங்கே இன்றும் காணலாம். சின்னஞ்சிறு மரத்துண்டுகளும் எலும்புத் துண்டுகளும் அதன் பக்கங்களில் நட்சத்திரக் கோலங்களாக இழைக்கப்பட்டுள்ளன.

கடைசியாக மண்கடதாசியால் தேய்த்து, உள்ளும் புறமும் ஒரே அளவில் வாணிஸ் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் ஏறிப் பலகை வளையும். வாணிஸ் மணம் முற்றாக நீங்கிய பின்பே கடதாசிகளை வையுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். மாரிக்கு முன்பும் பின்பும் திறந்து பாருங்கள்.

குடும்பத்தின் ஆவணங்கள் அடுத்த தலைமுறைக்குரிய அமானிதம். பெற்றோரே, அவற்றைக் காக்கும் பெட்டியைச் செய்யும் வேலையை உங்கள் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். எந்தக் கடதாசி எதற்கானது என்பதையும் அப்போதே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.