பந்தய வண்டியின் டயரும் அதன் பிடிமானமும்

இராமானுசர் தோன்றிய திருப்பதியாகிய ஸ்ரீபெரும்புதூர், இந்நாளில் தொழிற்சாலைகளாலும் பெயர்பெற்று விளங்குகின்றது. அதனை அடுத்த ஒரகடத்தில் டயர் செய்யும் பேராலை உண்டு. சென்னையினின்று அவ்வூர்க்குச் செல்லும் வழியிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1990ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மோட்டார்ப் பந்தயக்களம் உண்டு. அதன் ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அத்தகைய களத்தில் ஓடும் டயரை ஆயத்தஞ்செய்யும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

வண்டி எத்துணை விசையுடையதாயினும், தரையைத் தொடுவன நான்கு டயர்களின் நான்கு சிறு பகுதிகளே. ஓட்டுவோன் உயிர் அவற்றையே பற்றி நிற்கின்றது. ரப்பர், பாதையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களுள் அழுந்தியும், தரையோடு ஒட்டியும் பிடிமானம் தருகின்றது. ஆதலின் உலர்ந்த பாதைக்கு வரிப்பள்ளமில்லாத வழவழப்பான டயரே சிறந்தது. வரிப்பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றுதற்கே வேண்டப்படுவன.

இனி, வெப்பத்தின் செயலைக் காண்போம். குளிர்ந்த ரப்பர் இறுகி வழுக்கும். அளவான வெப்பத்தில் இளகிப் பற்றும். வெப்பம் மிகின் கொப்புளித்துக் கெடும். பந்தய டயர் பலவற்றிற்கு 80 முதல் 100 பாகை சென்டிகிரேடு ஏற்றதாகும். ஆகவே புது டயரை முதலில் மிதமான வேகத்தில் சில சுற்றுகள் ஓட்டிப் படிப்படியாகச் சூடேற்றி, பின் கழற்றி ஒரு நாளேனும் ஆறவிடுவர். இதனால் அச்சிலிருந்து வந்த மேற்பூச்சு நீங்கும். ரப்பரும் ஒருசீராகிப் பல சுற்றுகள் நிலைத்து உழைக்கும்.

காற்றின் அழுத்தமும் கருதற்பாலது. 30 பாகையில் சதுர அங்குலத்திற்கு 20 பவுண்டு என அளவுகருவி காட்டும் டயர், 90 பாகையில் ஏறத்தாழ 27 பவுண்டு காட்டும். வாயு விதி பயின்ற மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுக் காணலாம். இவ்வேற்றத்தை முன்னறிந்தே, குளிர்ந்த நிலையில் காற்றைக் குறைத்து வைப்பர்.

நிற்க. சிறு கார்ட் வண்டிப் பந்தயங்களில் சிலர் ரப்பரை இளக்கும் இரசாயனத் திரவங்களை டயரிற் பூசுவதுண்டு. சில சுற்றுகளுக்குப் பிடிமானம் மிகும். ஆயின் ரப்பரின் வலிமை குன்றும். அத்திரவங்களின் ஆவி, பூசுவோன் உடலுக்கும் தீங்காம். பந்தய விதிகள் பலவும் இதனை விலக்குகின்றன. டயரினின்று எழும் ஆவியைக் கருவியால் சோதித்தும் கண்டுபிடிக்கின்றனர். வளைவில் ஒரு டயர் கெடின், பின்வருவோனும் அதற்கு இரையாவான் அன்றோ?

சாலையிற் செல்வோர்க்கும் இதனால் ஒரு படிப்பினை உண்டு. பந்தய டயர் வழவழப்பாயிருத்தல் கண்டு, தேய்ந்த டயரும் நன்றெனக் கொள்ளற்க. முன்னது இளகிய ரப்பர். பின்னது மூத்து இறுகியது. மழையில் நீரை வெளியேற்றவும் மாட்டாது. டயரின் பக்கத்திற்கு இடும் மெருகுநெய்யைத் தரைதொடும் பகுதியிற் பூசுதலும் ஆகாது. அழகுக்கென இட்ட மெருகு, முதல் வளைவிலேயே வண்டியைச் சாய்த்துவிடும்.