பின்னணி மங்க எந்த லென்ஸ் வாங்கலாம்?

போன பொங்கலுக்கு அம்மாவை வீட்டு வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். கேமரா செகண்ட் ஹேண்டில் வாங்கியது, கூடவே வந்தது 18-55 லென்ஸ். படத்தில் அம்மா எவ்வளவு தெளிவோ, அதே தெளிவில் கொடியில் காயும் லுங்கி, பிளாஸ்டிக் குடம், கரண்ட் கம்பி எல்லாம் விழுந்திருந்தது! கல்யாண ஆல்பத்தில் வருகிற மாதிரி பின்னால் மங்கலாக வரவில்லையே என்று எனக்கு ஒரே வருத்தம்.

சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார், "எஃப் நம்பர் சின்னதா இருக்கிற லென்ஸா பாத்து வாங்குடா, போதும்." இது பாதிதான் சரி. எஃப் நம்பர் ஒரு விகிதம். குவியத் தொலைவை எஃப் நம்பரால் வகுத்தால்தான் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். முகம் படத்தில் ஒரே அளவாக வர வேண்டும், பின்னணியும் நல்ல தூரத்தில் இருக்கிறது என்றால், மங்கலைத் தீர்மானிப்பது இந்த விட்டம்தான். வெர்னியர் பிடித்த நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு!

18-55ஐ 55-இல் வைத்தால் 55 ÷ 5.6, அதாவது சுமார் 10 மி.மீ. 18-இல் வைத்தால் 18 ÷ 3.5, வெறும் 5 மி.மீ. எஃப் நம்பர் சின்னதாகியும் துளை பாதியாகி விட்டது, பார்த்தீர்களா? 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் 28 மி.மீ. யாரிடமாவது 55-250 ஜூம் இருந்தால் 250 ÷ 5.6, சுமார் 45 மி.மீ! அவர் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், வெயிலில் நன்றாகத் தள்ளி நின்று எடுத்தால் போதும். ஆனால் மண்டபத்துக்குள் கஷ்டம். 1.8-இல் வருகிற வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் 5.6-இல் வரும். அதனால் என் ஓட்டு 50-க்கே.

ஆளைச் சுவரை ஒட்டி நிற்க வைத்தால் எந்த லென்ஸும் ஒன்றும் செய்யாது. பத்தடி முன்னால் வரச் சொல்லுங்கள். இதற்குக் காசே கிடையாது.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி 50 லென்ஸிலும் கிடையாது. இரண்டும் சேர்ந்தால் ஆட்டோ ஃபோகஸ் வராது. ஏஎஃப்-எஸ் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உண்டு, அந்தக் கவலை இல்லை. இது தெரியாமல், மூணு மாசம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோக்காரருக்கு லைட் பிடித்துச் சேர்த்த பணத்தில் டி லென்ஸை வாங்கி விட்டேன். கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் கையால் வளையத்தைத் திருப்பிப் பழகினேன். ஃபோகஸ் சரியானால் வியூ ஃபைண்டரில் பச்சைப் புள்ளி வரும். இரண்டு மீட்டரில் நின்று 1.8-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ.தான். ஆள் கொஞ்சம் அசைந்தாலும் போச்சு! கண்ணில் வைத்து எடுங்கள். முதலில் 2.8-இல் பழகுங்கள், 17 செ.மீ. கிடைக்கும்.

சித்திரையில் அம்மாவை மறுபடி எடுத்தேன். லுங்கி, கம்பி எல்லாம் கரைந்து போய் ஜோராக வந்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, நம்ம வீட்டையே காணோம்? போன வருஷம்தானே நானே சுவர் பூசினேன்" என்றார். உடனே எஃப்/8 வைத்து இன்னொன்று எடுத்தேன். அம்மா பிரேம் போட்டு மாட்டியிருப்பது அதைத்தான்.

லென்ஸை மாட்டிப் பார்க்க ஆசைப்படுகிற நண்பர்கள் மதிய இடைவேளையில் மெக்கானிக்கல் வகுப்புப் பக்கம் வாருங்கள். ஆட்டோ ஃபோகஸ் மட்டும் கேட்காதீர்கள்!