சிறு தொழிலும் பெருநெறியும்

மாணவர்களே! ஒரு நூலைக் கையில் எடுத்ததும் எதனைப் பார்ப்பீர்கள்? அந்தத் தாள் எதனால் ஆனது, படங்களை வரைந்தவர் யார், அதனை எல்லோராலும் படிக்க இயலுமா என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுப் பழகுங்கள். இவ்வினாக்களுக்கு விடை தேடிய இரண்டு சிறு தொழில்களைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

துணி தாளாகிறது

1994ஆம் ஆண்டு கீதா உல்ஃப் என்பவர் சென்னையில் 'தாரா புக்ஸ்' என்னும் பதிப்பகத்தைத் தொடங்கினார். அதன் நூல்களுள் சில முழுவதும் கையாலேயே செய்யப்படுகின்றன. கழிவாகும் பருத்தித் துணியைக் கூழாக்கித் தாள் செய்கின்றனர். அத்தாளில் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியே திரை அச்சு முறையில் பதிக்கின்றனர். ஒரு வண்ணம் உலர்ந்த பின்னரே அடுத்த வண்ணம் ஏறும். இறுதியில் ஊசியும் நூலும் கொண்டு தைக்கின்றனர். இதனால் காலமும் விலையும் கூடுகின்றன. எனினும், தாளுக்காக மரம் வெட்டப்படுவதில்லை. கைத்தொழில் அறிந்தவர்க்கு வேலையும் கிடைக்கிறது.

வரைந்தவர் பெயர்

பழங்குடி ஓவியங்களைப் பைகளிலும் துணிகளிலும் கண்டிருப்பீர்கள். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் அவற்றில் இராது. பெயர் மறைந்தால் உரிய ஊதியமும் மறைந்துவிடக்கூடும். ஆனால், 2006ஆம் ஆண்டு இப்பதிப்பகம் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' என்னும் நூலில் கோண்டு ஓவியர்களாகிய பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவரும் படைப்பாளர்களாகவே பெயர் பெற்றனர். 2008ஆம் ஆண்டு அந்நூல் இத்தாலியின் போலோனியா குழந்தை நூல் கண்காட்சியில் விருது பெற்றது.

மத்தியப் பிரதேசத்துச் சிற்றூரில் பிறந்த பஜ்ஜு ஷியாம், லண்டனில் தாம் கண்டவற்றையும் ஒரு நூலாக்கினார். அந்நகரின் புகழ்பெற்ற மணிக்கூண்டை அவர் சேவலாக வரைந்தார். அவருடைய ஊரில் பொழுதை அறிவிப்பது சேவல் அன்றோ! அயலூரைத் தம் ஊரின் கண்ணால் கண்ட அவருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வெளிமாநிலத்தில் வாழ்ந்து தமிழ் பயிலும் உங்களுக்கும் அத்தகைய கண் உண்டு.

விரலால் படிக்கும் இதழ்

மேடான ஆறு புள்ளிகளைக் கொண்டு எழுத்துகளை அமைப்பது பிரெயில் முறை. பார்வையற்றோர் விரலால் தடவி அதனைப் படிப்பர். பாடநூல் மட்டும் கிடைத்தால் போதுமா? விடுமுறை நாளில் நீங்கள் விரும்பிப் படிப்பதுபோல் அவர்களும் படிக்க வேண்டாமா? இவ்வெண்ணத்தோடு 2013ஆம் ஆண்டு மும்பையில் 'ஒயிட் பிரிண்ட்' என்னும் ஆங்கிலப் பிரெயில் இதழ் தொடங்கப்பட்டது.

இத்தொழில்கள் அளவில் சிறியவை. ஆயினும் இயற்கையைக் காத்தல், உழைத்தவரை மதித்தல், எவரையும் விலக்காமை ஆகிய நெறிகளை அவை காட்டுகின்றன.

சொற்பொருள்
நெறி – ஒழுகும் வழி
கூழாக்கி – குழைய அரைத்து
அயலூர் – வேற்றூர்

பயிற்சி
1. கையால் செய்யும் நூலின் விலை கூடுவது ஏன்?
2. ஓவியர் பெயரை வெளியிடுவதன் தேவை யாது?
3. பிரித்து எழுதுக: அத்தாள், சிற்றூர், இவ்வெண்ணம்.
4. நீங்கள் வாழும் ஊரின் கைவினைஞர் ஒருவரைச் சந்தியுங்கள். அவருடைய தொழிலைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுங்கள். அவர் இசைந்தால் பெயரையும் குறிப்பிடுங்கள்.