தஞ்சாவூர்: அண்ணாந்து பார்த்தது போதும், குனிந்தும் பாருங்கள்

தஞ்சாவூருக்கு வருகிறவர்களில் பலர் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சோழர், நாயக்கர், மராட்டியர் என்று மூன்று அரசுகள் ஆண்ட ஊர் இது. முழுசாக ஒரு பகலாவது கொடுங்கள்.

கோயிலுக்குக் காலை ஆறு, ஆறரைக்கே போய்விடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் ஏற வேண்டும். வெறுங்காலில் அவ்வளவு பெரிய கல் முற்றத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால், கோடையில் பத்து மணிக்கு மேல் பாதம் தாங்காது. நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள்.

முதலாம் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த இந்த விமானம் ஏறத்தாழ 216 அடி உயரம். அதன் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயில் சாய்ந்ததும் நீங்களே பார்க்கலாம். உண்மையான அதிசயம் விமானத்தின் அடியில், உங்கள் கண் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. அதிட்டானம் என்கிற அடிப்பீடம் முழுக்க வரிவரியாகக் கல்வெட்டு. அரசன் தான் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. அக்கா குந்தவை, தேவியர், அதிகாரிகள் கொடுத்ததையும் எடையோடும் அளவோடும் வெட்ட வைத்திருக்கிறான். கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் கல்லில் இருக்கிறது. வடபுறத் திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம் இன்னும் ஒரு படி மேல். பல ஊர்த் தளிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 ஆடல் பெண்கள் அங்கே பெயர் பெயராக வருகிறார்கள்: எந்த ஊர்க் கோயில், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்களின் வீட்டு முகவரி நமக்கு வேறெங்கே கிடைக்கும்? எழுத்து வாசிக்க வராவிட்டாலும் சற்று நேரம் அங்கே நில்லுங்கள்.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதற்கு மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களில் 81 செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. இரண்டு இடத்துக்கும் பொதுமக்களை விடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த வண்ணங்கள் பிழைக்க அதுதான் வழி. நந்தியும், நுணுக்கமான முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. போன்ஸ்லே வம்ச வரலாற்றை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803-இல் மராத்தியில் வெட்டுவித்தது தென்மேற்குப் பக்கத்தில் இருக்கிறது.

வெளியே வந்ததும் பக்கத்துச் சிவகங்கைக் குளத்தை ஒட்டியிருக்கும் ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். 1779-இல் கட்டியது. உள்ளே ஆங்கிலேயச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்த பளிங்குப் புடைப்புச் சிற்பம்: மரணப் படுக்கையில் பாதிரியார் ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பற்றியபடி சரபோஜி. சிறுவயதில் தன்னைக் காத்து வளர்த்தவருக்கு மன்னர் செலுத்திய நன்றி அது.

அடுத்தது அரண்மனை. உள்ளே பகுதிக்குப் பகுதி தனி டிக்கெட், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுக் கலைக்கூடத்துக்கு மட்டும் போங்கள். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரிஷபவாகனர் அங்கே நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை மாதிரிச் சுற்றி, காலைக் குறுக்கே வைத்து, காளைமேல் கை ஊன்றிய நிலை. காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கை ஓய்வாக ஊன்றியிருக்கிற விதத்தில் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள், இடுப்பின் ஒசிவு முன்னாலிருந்து பார்த்தால் பாதிதான் பிடிபடும்.

அதே அரண்மனை வளாகத்துச் சரஸ்வதி மகால் நூலகத்தில் ஆய்வாளர்களுக்குத்தான் சுவடிகள். நமக்கு அதன் சிறு அருங்காட்சியகம் போதும். கண் நோயாளிகளுக்குச் சரபோஜி காலத்தில் செய்த சிகிச்சையைப் படத்தோடு எழுதிவைத்த குறிப்புகள் இந்த நூலகத்தின் பெருமை.

ஊரில் வாங்குவதற்குத் தலையாட்டி பொம்மையும் தஞ்சாவூர் ஓவியமும் உண்டு. ஓவியத்தில் ஒட்டியிருப்பது தங்கத் தாளா, மஞ்சள் தாளா என்று கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசமே அதில்தான். வீணை செய்கிற பட்டறைகளில் பலாமரக் கட்டையைக் குடைவதைப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

சாயங்காலம் மிச்சமிருந்தால் இரண்டு வழி. பஸ் ஏறினால் 13 கிலோமீட்டரில் திருவையாறு: காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி, கடைத்தெருவில் நெய் வழியும் அசோகா அல்வா. ஊருக்குள்ளேயே இருப்பதென்றால் கீழவாசல். நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்த பிரம்மாண்டமான ராஜகோபால பீரங்கி அங்கே கிடக்கிறது. நம் கொல்லர்கள் அடித்த இரும்பு. ஆட்டோக்காரரிடம் ‘பீரங்கி மேடு’ என்று சொன்னால் போதும்.