உள்ளத்தின் அரண்கள்

தாமிரபரணி ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பொதிகையிலிருந்து பெருகிவரும் வெள்ளத்தை அவை கால்வாய்களில் திருப்பி வயல்களுக்கு அனுப்புகின்றன. மனித உள்ளத்திலும் இத்தகைய தடுப்புகள் உண்டு. தாங்கவொண்ணாத துயரும் அச்சமும் நாணமும் பெருகும்பொழுது, உள்ளம் தன்னை அறியாமலே தனக்கோர் அரண் அமைத்துக்கொள்கிறது. வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்டு பிராய்டு 1894-ஆம் ஆண்டில் இதனை எடுத்துரைத்தார். அவர் மகளார் அன்னா பிராய்டு 1936-இல் அவ்வரண்களை வகைப்படுத்தி நூல் எழுதினார்.

தேர்வில் தவறிய மாணவன் வினாத்தாளைப் பழிக்கிறான். அலுவலகத்தில் வசைகேட்டவர் வீட்டிற்கு வந்து குழந்தையை அடிக்கிறார். இவை நாள்தோறும் காண்பன. ஊர் முழுவதையும் பற்றிக்கொள்ளும் அரணும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் தலைமடைக்காரர் தேவைக்கு மிகுதியாக நீர் பாய்ச்சிக்கொள்கிறார் என வைத்துக்கொள்வோம். அச்செயல் அவர் நெஞ்சை உறுத்துகிறது. உறுத்தல் பொறாமல், கடைமடை ஊராரே இரவில் மடையைத் திறந்து நீரைத் திருடுவதாகக் கூறத் தொடங்குகிறார். தம் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் இயல்பு இது. பொய் கூறுவதாக அவர் எண்ணுவதில்லை. மெய்யாகவே அவ்வாறு நம்புகிறார். ஆதலின் இப்பகை எளிதில் தீராது. இரண்டு தலைமுறை கழிந்தபின் நீர்ப்பங்கு எவர்க்கும் நினைவிராது. பகைமட்டும் எஞ்சி நிற்கும்.

எல்லா அரண்களும் இத்தகையன அல்ல. துயரின் வேகத்தை நற்செயலில் திருப்பிவிடுவதும் ஓர் அரணே. அதற்குச் சான்று நெல்லைச் சீமையிலேயே உண்டு.

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு, 1908 ஜூலை 7-ஆம் நாள் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். இரண்டும் சேர்ந்து 40 ஆண்டுகள்! செய்தி கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். வெள்ளம் கரையை உடைத்தது போன்றது அது. அவரைக் கோழையென்று கூறுதல் தகாது. தாங்கும் அளவு உள்ளந்தோறும் வேறுபடும்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோயம்புத்தூர்ச் சிறையில், வழக்கு மன்றத்தில் வாதாடிய அவ்வழக்கறிஞர் மாடுபோல் செக்கிழுக்க நேர்ந்தது. அச்சிறைவாழ்வினூடே அவர் தமிழ்ப்பணியில் உள்ளத்தைச் செலுத்தினார். ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றை ‘மனம் போல வாழ்வு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். அவர் இயற்றிய ‘மெய்யறம்’ 1914-இல் வெளிவந்தது. பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாக எழுதியபொழுது, சிறையில் பட்ட துன்பங்களை ஒளியாது கூறினார். துன்பத்தை இல்லையென்று மறுக்கும் உள்ளம் அவ்வாறு எழுத இயலாது.

1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். கப்பல் கம்பெனி அழிந்துபோயிருந்தது, வழக்குரைக்கும் உரிமையும் பறிபோயிருந்தது, வறுமை சூழ்ந்தது. இத்தனையும் இழந்தவர் வெள்ளையர் அனைவரையும் ஒருசேர வெறுத்திருப்பின் எவரும் வியந்திரார். சில ஆண்டுகளுக்குப் பின், அவ்வுரிமையை மீண்டும் பெற வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி உதவினார். சிதம்பரம் பிள்ளை தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.