தானியங்கிக் கியர்பெட்டியை நீக்கிக் கைக்கியர் அமைத்தல்: பழைய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கொண்டு ஒரு பாடம்

நம் நாட்டில் ஊரகப் பணிகளுக்குப் பயன்பட்ட பழைய ஜீப்பு வண்டிகள் கைக்கியர் பூண்டவை. ஆதலின் இவ்விதழின் வாசகர்களுள் களப்பணியாளர்கள் கிளட்ச் மிதியை நன்கறிவர். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்பனையான நான்கு சக்கர இயக்க வண்டிகளுள் மிகப் பல தானியங்கிக் கியர்பெட்டி உடையவை. அவ்வண்டிகள் முதுமையடைந்து, பெட்டி பழுதுறும்போது, அதனை நீக்கிவிட்டுக் கைக்கியர் பெட்டியை அமைத்துக்கொள்ளும் வழக்கம் அங்குள்ள வண்டியுடைமையாளரிடையே பரவியுள்ளது. மலைப்பாதைகளில் மெதுவாக ஊர்ந்து செல்வதற்கென்றே பழுதற்ற பெட்டியையும் மாற்றுவோர் உண்டு.

இம்மாற்றத்தை இங்குப் பாடமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஓர் உறுப்பு இயந்திரத்தில் இருக்கும்வரை அது செய்துவரும் வேலைகளுள் பாதி நம் கண்ணுக்குப் படுவதில்லை. அதனைக் கழற்றி வேறொன்றை அவ்விடத்தில் வைக்கும்போதே எஞ்சிய வேலைகள் புலப்படுகின்றன. தானியங்கிப் பெட்டி கியர் மாற்றுவதோடு நில்லாமல் வேறு சில காவற்பணிகளையும் ஓசையின்றிச் செய்துவருகிறது. அவற்றுள் ஒன்றை மறந்தாலும் மாற்றியமைத்த வண்டி ஆளைக் கொல்லக்கூடும்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வண்டி, எக்ஸ்.ஜே. என்னும் குறியீடு பெற்ற ஜீப் செரோக்கி. இது 1984 முதல் 2001 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்கப்பட்டது. 1987-இல் இதற்கு ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட 4.0 லிட்டர் எஞ்சின் வந்தது. அதனுடன் இணைந்த தானியங்கிப் பெட்டி, ஜப்பானிய ஐசின்-வார்னர் நிறுவனத்தின் நான்கு வேகப் பெட்டியாகிய ஏ.டபிள்யூ.4. அதே எஞ்சினுக்குக் கைக்கியர் பெட்டியையும் தொழிற்சாலையே பொருத்தி விற்றது. முதலில் பிரெஞ்சு பெழோ நிறுவனத்தின் பி.ஏ.10/5 என்னும் பெட்டியும், 1989 முதல் 1999 வரை ஐசின் நிறுவனத்தின் ஏ.எக்ஸ்.15 என்னும் ஐந்து வேகப் பெட்டியும் அவ்வாறு வந்தவை. முதலிற் சொன்ன பிரெஞ்சுப் பெட்டி வலிமை குறைந்தது என்று பெயரெடுத்தமையால், மாற்றுவோர் பெரிதும் நாடுவது ஏ.எக்ஸ்.15-ஐயே. ஒரே எஞ்சினுக்கு இருவகைப் பெட்டியும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டமையே இவ்வேலை கைகூடுவதற்கு அடிப்படை. அத்தகைய இணை இல்லாத வண்டியில் இதனைத் தொடங்குவது அறிவுடைமையாகாது என்பது என் கருத்து.

முதற்கண், நீக்கப்படும் பொருள் யாது என்று காண்போம். தானியங்கிப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே கிளட்ச் இல்லை. அவ்விடத்தில் எண்ணெய் நிறைந்த வளையம் போன்ற கூடு ஒன்று உள்ளது. பணிமனைகளில் டார்க் கன்வெர்ட்டர் என்று வழங்கும் இதனை முறுக்குமாற்றி என இங்குக் குறிப்போம். பட்டறையில் இச்சொல்லைச் சொன்னால் எவரும் எடுத்துத் தரமாட்டார். இதன் மூலக் கருத்தை ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் கப்பல்களின் பொருட்டு உருவாக்கிக் காப்புரிமை பெற்றார்.

இதனை விளக்க ஆசிரியர்கள் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்துக் காட்டுவது உண்டு. ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றினால் மற்றொன்றும் சுழலும். இவ்விளக்கம் நன்று, ஆனால் பாதியே உண்மை. இரண்டு விசிறிகள் மட்டுமே இருப்பின், இரண்டாவது விசிறி பெறும் முறுக்குவிசை முதலாவது தருவதைவிட மிகாது. முறுக்குமாற்றியில் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஓர் அலகுச் சக்கரம் நிலையாக நிற்கிறது. இரண்டாவது சக்கரத்தில் மோதித் திரும்பும் எண்ணெயை இது வளைத்து, முதற்சக்கரம் சுழலும் திசையிலேயே செலுத்துகிறது. இதன் பயனாக, வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, எஞ்சின் தரும் முறுக்குவிசை ஏறத்தாழ இருமடங்காகப் பெருகி வெளிவருகிறது. வேகம் கூடக்கூட இப்பெருக்கம் குறைந்து ஒன்றை நெருங்கும். மூன்றாவது சக்கரத்தைச் சொல்லாமல் விட்டால் மாணவர் பாடத்தின் உயிரை இழந்துவிடுவர்.

கிளட்ச்சோ முற்றிலும் வேறு இயல்புடையது. வழுக்கிக்கொண்டிருக்கும் கிளட்ச் ஒருபுறம் பெறும் முறுக்குவிசையையே மறுபுறம் தரும். எள்ளளவும் கூட்டித் தராது. வேக வேறுபாட்டினால் இழக்கப்படும் ஆற்றல் வெப்பமாகித் தட்டைச் சுடும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஏ.டபிள்யூ.4 பெட்டியின் முதற்கியர் விகிதம் 2.80. ஏ.எக்ஸ்.15 பெட்டியின் முதற்கியர் 3.83. தானியங்கி வண்டியின் ஆக்ஸில் விகிதம் பொதுவாக 3.55. இவ்வண்டிகளில் பரவலாகக் காணப்படும் என்.பி.231 என்னும் டிரான்ஸ்பர் கேஸ், தாழ்நிலையில் 2.72 மடங்கு குறைப்பைத் தரும். மூன்றையும் பெருக்கினால், தாழ்நிலை முதற்கியரில் தானியங்கி வண்டிக்கு 27.0, கைக்கியர் அமைத்தபின் 37.0. இதனைக் கண்டவுடன் கைக்கியரே வலிமை மிக்கது என்று முடிவு கட்டுவோர் பலர். அவர்கள் முறுக்குமாற்றியை மறந்தார்கள். புறப்படும் கணத்தில் அதன் இருமடங்கையும் சேர்த்தால் 27 என்பது 54 ஆகிறது. எனவே சக்கரத்தின் முன் ஒரு பாறை இருக்க, நின்ற நிலையிலிருந்து அதன்மீது ஏற வேண்டுமாயின், பழைய தானியங்கிப் பெட்டியே மிகுதியாக இழுக்கும். கைக்கியர் வண்டியில் அதே ஏற்றத்தைத் தொடங்க ஓட்டுநர் கிளட்ச்சை வழுக்கவிட நேரும். அதனைப் பழக்கமாக்கினால் தட்டு விரைவில் கருகும்.

அப்படியாயின் மாற்றுவதால் விளையும் பயன் என்ன? இறக்கத்தில் அது தெளிவாகத் தெரியும். 225/75 அளவுள்ள 15 அங்குல டயர் ஒருமுறை சுழன்றால் வண்டி ஏறத்தாழ 2.26 மீட்டர் நகரும். எஞ்சின் நிமிடத்திற்கு 700 சுற்றில் இருக்க, 37.0 விகிதத்தில் வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகத்தினும் இது குறைவு. எஞ்சினும் சக்கரமும் இறுகப் பிணைந்திருப்பதால், பிரேக்கைத் தொடாமலே செங்குத்தான சரிவில் இறங்கலாம். தானியங்கியில் 27.0 விகிதமே உள்ளது. எண்ணெயின் வழுக்கலால் அப்பிணைப்பும் தளர்வானது. ஆகவே ஓட்டுநர் பிரேக்கை நம்ப நேரும். ஈரமண்ணில் அது சக்கரங்களைப் பூட்டிச் சறுக்கவைக்கும்.

நெடுஞ்சாலையில் வேறுபாடு சிறிது. தானியங்கியின் உயர்கியர் 0.75, கைக்கியரின் ஐந்தாவது 0.79. அதே ஆக்ஸிலுடன் மணிக்கு 80 கிலோமீட்டரில் எஞ்சின் முன்பு ஏறத்தாழ 1,570 சுற்றுச் சுழன்றிருந்தால், இப்போது 1,650 சுற்றுச் சுழலும். தொழிற்சாலை தன் கைக்கியர் வண்டிகளில் 3.07 ஆக்ஸிலையே பொதுவாக அமைத்தது. பழைய கைக்கியர் வண்டி ஒன்றை முழுதாக வாங்கி உறுப்புகளைப் பெறுவோர், அதன் ஆக்ஸில்களையும் சேர்த்து மாற்றிவிட்டால், 37.0 என்று கணக்கிட்டது 32.0 ஆகக் குறைந்துபோகும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை இன்றியமையாதது. ஏ.டபிள்யூ.4 பெட்டிக்குத் தனியான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு; அது எஞ்சினின் கட்டுப்பாட்டிலிருந்து வேறானது. அதன் இணைப்பைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஓடும். அப்போது நெம்புகோல் 1-2 நிலையில் முதற்கியரும், 3 நிலையில் மூன்றாம் கியரும், டி நிலையில் நான்காம் கியரும் பொருந்தும். இவ்வாறு கையால் மாற்றி ஓட்டும்போது கியர்கள் செவ்வனே பிடித்தால், பழுது பெட்டியினுள் இல்லை. கம்பியிலோ, மின்வால்விலோ, உணர்கருவியிலோ உள்ளது. சில ரூபாய்க் கம்பிப் பழுதுக்காகப் பெட்டியையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு. (ஓட்டத்தின்போது நெம்புகோலை 1-2 நிலைக்கு இழுத்தல் கூடாது, வண்டி திடீரென முதற்கியருக்குத் தாவும்.) ஏ.டபிள்யூ.4 நீடித்துழைக்கும் பெட்டி என்று பெயர் பெற்றது. சோதனையில் தேறிய பெட்டியை விட்டுவிடுவதே நன்று.

மாற்றுவதென்று முடிவானபின், உறுப்புகள் யாவற்றையும் ஒரே கைக்கியர் வண்டியிலிருந்து பெறுதல் நலம். தானியங்கி வண்டியில் எஞ்சினின் பின்முனையில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்றே இருக்கும். முறுக்குமாற்றியின் எடையே பிளைவீலின் வேலையைச் செய்தது. கைக்கியருக்குக் கனமான வார்ப்புப் பிளைவீலும் அதற்குரிய நீளமான போல்ட்டுகளும் வேண்டும். பழைய போல்ட்டுகளைப் பயன்படுத்தினால் போதிய மரைகள் பிடியா.

இப்பிளைவீலில் மற்றொரு நுட்பம் மறைந்துள்ளது. எஞ்சினின் சுழல்நிலையை உணரும் கருவி, கிளட்ச் கூட்டின் மேற்புறத்தில் அமர்ந்து, பிளைவீலின் விளிம்பிலுள்ள வெட்டுகளை எண்ணியே தீப்பொறிக்கும் எரிபொருளுக்கும் உரிய நேரத்தை அறிவிக்கிறது. 1987 முதல் 1990 வரையிலான எஞ்சின்களில் ஒருவகை அமைப்பும், 1991 முதல் நான்கு வெட்டுகள் கொண்ட மூன்று தொகுதிகளாக வேறு அமைப்பும் உள்ளன. ஆண்டு மாறிய பிளைவீல் போல்ட்டுகளில் சரியாகவே அமரும். ஆனால் எஞ்சின் உயிர்பெறாது. பெட்டி முழுவதும் பொருத்தியபின் இத்தவறு தெரிந்தால், யாவற்றையும் மீண்டும் இறக்க வேண்டியதுதான். பொருத்துமுன் விளிம்பைக் கண்ணால் பார்த்துக்கொள்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

கைக்கியர் பெட்டியின் முன்தண்டு, கிராங்க் தண்டின் மையத்துளையிலுள்ள பைலட் பேரிங்கில் தாங்கப்படுகிறது. தானியங்கி வண்டியில் அப்பேரிங் இராது. துளையை அளந்து, பொருந்தும் பேரிங்கை நேராக அமிழ்த்த வேண்டும். கிளட்ச்சை விடுவிக்கும் எண்ணெய்ச் சிலிண்டர் 1993 வரை கிளட்ச் கூட்டின் உள்ளேயும், 1994 முதல் வெளியேயும் அமைந்தது. உள்ளிருப்பது கசிந்தால் பெட்டியையே இறக்க நேரும். ஆகவே பிற்காலத்துக் கூட்டைத் தேடிப் பெறுவது உழைப்பை மிச்சப்படுத்தும். மிதித்தொகுதி, மாஸ்டர் சிலிண்டர், தரையில் நெம்புகோலுக்குரிய திறப்பு ஆகியவை பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

பெட்டியின் பின்முனையில் டிரான்ஸ்பர் கேஸ் இணையும் தண்டின் நெடும்பற்களை எண்ணுதல் வேண்டும். முற்காலத்து ஏ.டபிள்யூ.4-இல் அவை 21; பிற்காலத்தில் 23. ஏ.எக்ஸ்.15-க்கு 23. எண்ணிக்கை வேறுபட்டால் டிரான்ஸ்பர் கேஸின் உள்ளீட்டுக் கியரையோ, அதனை முழுமையாகவோ மாற்ற வேண்டும். முன், பின் புரொப்பெல்லர் ஷாப்ட்டுகளின் நீளத்தை வண்டி தன் எடையில் சக்கரங்கள்மீது நிற்கும்போது அளக்க வேண்டும். தூக்கி நிறுத்திய வண்டியில் எடுக்கும் அளவு பயன்படாது. ரேடியேட்டருக்குச் சென்ற பழைய எண்ணெய்க் குழாய்களை நீக்கிவிடலாம்.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட காவற்பணிகள். தானியங்கி வண்டியில் நெம்புகோல் பார்க் அல்லது நியூட்ரல் நிலையில் இருந்தாலன்றி ஸ்டார்ட்டர் இயங்காது. பெட்டியுடன் அந்தச் சுவிட்சும் போய்விடுவதால் சுற்று திறந்து நிற்கும், ஸ்டார்ட்டர் மௌனமாகும். பலரும் செய்வது, இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது. அவ்வண்டி பின்பு எந்தக் கியரிலும் புறப்படும். தாழ்நிலை முதற்கியரில் சாவியைத் திருப்பினால், 37 மடங்கு குறைப்புடன் ஸ்டார்ட்டரே வண்டியைத் தள்ளும். எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின் உடனே பற்றிக்கொள்ளும். பிறகு முன்னே நிற்பவர் விலக நேரமிராது. எனவே கிளட்ச் மிதியை முழுதும் அழுத்தினால் மட்டுமே மூடும் சுவிட்சை அவ்விரு கம்பிகளுக்கிடையே இணைத்தல் கட்டாயம். பின்னோட்ட விளக்குக்கும் பழைய சுவிட்சிலிருந்தே மின்சாரம் வந்தது, ஏ.எக்ஸ்.15-இன் உடலிலுள்ள தனிச் சுவிட்சுக்கு அக்கம்பியை நீட்ட வேண்டும்.

அடுத்தது, பார்க் நிலையின் கொக்கி. தானியங்கி வண்டி சரிவில் நின்றது பெரும்பாலும் இக்கொக்கியின் துணையால். அதனை நம்பிப் பழகிய உடைமையாளர் கைப்பிரேக்கை ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்கமாட்டார்; கேபிள் துருவேறியிருக்கும். மாற்றத்துக்குப்பின் கைப்பிரேக்கே முதற்காவல் ஆதலால், கேபிளையும் பின்சக்கர ஷூக்களையும் புதுப்பித்த பின்னரே வண்டியைத் தரையிறக்க வேண்டும். கியரில் விட்டு நிறுத்தினாலும், டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் இருப்பின் சக்கரங்களுக்கும் பெட்டிக்கும் தொடர்பே இராது. பழைய கொக்கிக்கும் இவ்விடர் இருந்தது என்பதையும் ஓட்டுநருக்குச் சொல்லிவைத்தல் நன்று.

நம் நாட்டில் இத்தகைய வேலையை மேற்கொள்வோர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதை அறிந்து, பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டறிதல் வேண்டும்.

முதலோட்டத்துக்கு முன் நான்கு சக்கரங்களையும் தரையினின்று உயர்த்தி, உறுதியான தாங்கிகள்மீது வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு கியரையும் இட்டுப் பார்க்க வேண்டும். கிளட்ச் மிதியை விட்டநிலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் இயங்கலாகாது. பின்னர் ஆளற்ற மென்சரிவில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, கைப்பிரேக் மட்டும் இட்டு, சக்கரத்தின் பின் இரண்டு அடி தள்ளிக் கற்களை வைத்துவிட்டு, பத்து நிமிடம் விலகி நின்று பார்த்தல் வேண்டும். புதிய கிளட்ச் தட்டு பதமாக அமரும்வரை சில நூறு கிலோமீட்டர் சமவெளியிலேயே ஓட்டி, அதன்பின் கூட்டின் அடியில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டு மலைப்பாதைக்குச் செல்லலாம்.